பள்ளிக்குப் படியளந்தவர்கள்

1823-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் கலெக்டராகிய ஏ. டி. காம்பெல் என்னும் ஆங்கிலேயர், தம் ஜில்லாவிலுள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றி ரெவினியூ போர்டாருக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதியனுப்பினார். கணக்குக் கேட்டால் கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் உத்தியோகஸ்தர்களுக்கு நடுவே, ஊரில் நடப்பதைப் பொறுமையாக விசாரித்து எழுதிவைத்த அபூர்வமான மனிதர் அவர். ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும், உபாத்தியாயரையும் அவரிடம் வாசிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் பெற்றோர் தங்கள் இல்லத்துக்கு அழைக்க, எல்லோரும் விக்கினேசுவரர் விக்கிரகத்தைச் சுற்றி வட்டமாக அமர, புதுப் பிள்ளையைச் சுவாமிக்கு நேர் எதிரே உட்காரவைத்து, தூபம் காட்டி, நைவேத்தியம் செய்து, நல்ல புத்தியைத் தரும்படி ஒரு பிரார்த்தனையைச் சொல்லச் செய்து, பிறகு அவன் விரலைப் பிடித்து அரிசியில் தெய்வத்தின் திருநாமத்தை எழுதுவிப்பார் உபாத்தியாயர் என்று அவர் விவரிக்கிறார். அது முடிந்ததும் பெற்றோர் தங்கள் சக்திக்கேற்ற சம்மானத்தைக் கொடுத்து உபாத்தியாயரை வழியனுப்புவார்கள். மறுநாள் காலையில்தான் பிள்ளை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தின் படி ஏறுவான்.

பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கூட்டம் நடத்துவதும், ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புவதும், பிள்ளைகளின் கூட்டு முயற்சிகளில் தாய்தந்தையர் பங்குகொள்வதும் மேல்நாட்டாரைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட நவீன வழக்கங்கள் என்று எண்ணுகிறவர்கள் பலர். அந்த எண்ணம் பாதிதான் சரி. பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதில் நம் நாட்டுப் பெற்றோர் ஒருநாளும் பின்வாங்கியவர்களல்லர். காசாகவும் தானியமாகவும் துணியாகவும் எண்ணெயாகவும், சில காலங்களில் நிலமாகவும் கட்டடமாகவும் அவர்கள் கொடுத்தது சரித்திரம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. ஆனால் கொடுத்த கையை நீட்டி, என் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று வினவும் பழக்கம் மட்டும் நெடுங்காலம் இங்கே வேரூன்றவில்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதால், இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

காம்பெல் எழுதிய அறிக்கைக்குக் காரணமாக இருந்தவர் அக்காலத்துச் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ. நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, எத்தனை பேர் வாசிக்கிறார்கள், அவர்கள் எந்தெந்த ஜாதியார் என்று கணக்கெடுக்கும்படி 1822-ஆம் வருஷத்தில் அவர் உத்தரவிட்டார். ஜில்லாதோறும் கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, சுமார் 1,28,50,000 ஜனங்களுள்ள மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகத் தெரியவந்தது. அந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்காரின் காசு ஒரு சல்லியும் கிடையாது. பிள்ளைக்கு மாதம் நாலணா, ஆறணா, எட்டணா என்று பெற்றோர் கொடுத்ததை வைத்து நடந்தவை அவை. பொதுவாக ஓர் உபாத்தியாயருக்கு மாதத்தில் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று மன்றோ 1826-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் எழுதிய குறிப்பில் வருந்துகிறார். அந்த வருத்தத்தோடு நில்லாமல், தாம் புதிதாக நிறுவ எண்ணிய தாசில்தாரிப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குச் சர்க்காரே மாதம் 9 ரூபாய் கொடுக்கலாம், பிள்ளைகளிடம் வாங்குவதையும் அவர் வாங்கிக்கொள்ளட்டும், அப்போது அவருடைய நிலைமை ஸ்காத்லாந்து தேசத்துக் கிராமத்து உபாத்தியாயர்களின் நிலைமையைவிட மேலாகவே இருக்கக்கூடும் என்று தாம் பிறந்த தேசத்தோடு ஒப்பிட்டும் பார்க்கிறார். மறு வருஷமே அவர் வாந்திபேதிக்கு இரையானார். அவருடைய திட்டமும் அதிக நாள் நிலைக்கவில்லை.

அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே வாசித்தவர்கள் பள்ளிக்கூடத்தில் வாசித்தவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 26,963 பேர் என்று பட்டணத்துக் கலெக்டர் எழுதியனுப்பினார். இதில் ஏதோ பிசகு இருக்கவேண்டும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். பிசகு இருக்கட்டும், தகப்பனாரும் பெரியப்பாவும் தாத்தாவும் திண்ணையிலோ கூடத்திலோ உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது கலெக்டர் ஒருவர் தனியே எண்ணிச் சொல்லவேண்டிய அளவுக்கு ஊரில் சகஜமாக இருந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இனித் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவோம். அதைப் பள்ளிக்கூடம் என்று சொன்னாலும், அதற்கென்று தனிக் கட்டடம் இருந்தது அபூர்வம். ஊரில் வசதியுள்ள ஒருவருடைய வீட்டுத் திண்ணை, அல்லது கோயில் மண்டபம், அல்லது ஓலைச் சார்ப்பு. கீழே பரப்பிய ஆற்று மணல். அந்த மணல்தான் பலகை, விரல்தான் எழுதுகோல். உபாத்தியாயரின் ஜீவனம் மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடவில்லை. மணலில் எழுதிப் பழகிய பிள்ளை ஓலை பிடிக்கத் தொடங்கும் நாளில் மஞ்சள் பூசிய சுவடியோடு ஒரு சம்மானம். எண்சுவடி தொடங்கினால் ஒன்று, முடித்தால் ஒன்று. விளக்குக்கு எண்ணெய், அடுப்புக்கு வறட்டி, தோட்டத்தில் காய்த்த முதல் பூசணிக்காய், அறுப்புக் காலத்தில் மரக்கால் கணக்கில் நெல். வீட்டில் கல்யாணம் என்றால் அவருக்கு வேஷ்டி உண்டு; சிராத்தம் என்றால் வாழைக்காயும் அரிசியும் போகும். ஊரில் குயவருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் களத்துமேட்டில் எப்படிப் பங்கு அளக்கப்பட்டதோ, அந்த மாதிரியே எழுத்தறிவித்தவருக்கும் அளக்கப்பட்டது. ஆகையால் அவர் ஊருக்கு உபாத்தியாயர் என்பதைவிட, ஊராரால் படியளக்கப்பட்ட உபாத்தியாயர் என்பதே பொருத்தம். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் ஊரார் வயிறு காயும்போது அவர் வயிறும் காய்ந்தது.

இதே காம்பெல்தான் அக்காலப் பள்ளியின் காலைப்பொழுதையும் எழுதிவைத்திருக்கிறார். ஆறு மணிக்குப் பள்ளி. முதலாவதாக வந்து சேர்ந்த பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவத்தின் அடையாளமாகச் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவது வந்தவன் கையில் ஒரு சுழியம், அவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை இகழ்ச்சியும் இல்லை என்பதற்கு அறிகுறி; மூன்றாவது வந்தவனுக்கு மெல்ல ஓரடி; நான்காவது வந்தவனுக்கு இரண்டு; அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் கடைசியாக வருகிறவன் கதி என்ன ஆகும் என்று நினைக்கவே கை கூசுகிறது. இந்த ஏற்பாட்டில் உபாத்தியாயரின் பிரம்பைவிட அதிகமாக உழைத்தவள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த தாய்தான் என்பதைக் கலெக்டர் எழுதவில்லை, எழுதவேண்டிய அவசியமுமில்லை. விடியுமுன் எழுப்பி, முகம் கழுவிவிட்டு, நெற்றியில் இட்டு, பழையதைக் கரைத்துக் கொடுத்து, இருட்டோடு இருட்டாகத் தெருமுனை வரையில் கொண்டுவந்து விடாமல் ஐந்து வயதுப் பிள்ளை எவனும் உள்ளங்கையில் சரசுவதியைப் பெற்றிருக்கமாட்டான்.

மாலையிலும் வீட்டாருக்கு ஒரு வேலை காத்திருந்தது. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தமது ‘என் சரித்திர’த்தில் தாம் வாசித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும்போது, பொழுது சாய்ந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் சமயத்தில் உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பட்சியின் பெயர் என்று சொல்லியனுப்புவார், மறுநாள் வந்ததும் அதை மறவாமல் ஒப்பிக்கவேண்டும் என்று குறிப்பிடுகிறார். வழி நெடுகிலும் ஒருவன் “செண்பகம், செண்பகம்” என்று முணுமுணுத்துக்கொண்டும், இன்னொருவன் “செம்போத்து, செம்போத்து” என்று ஜபித்துக்கொண்டும் போயிருப்பார்கள். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தாலும் போயிற்று செண்பகம். வீட்டு வாசலை மிதித்ததும் அந்தப் பெயரைத் தாயின் காதில் போட்டுவிட்டு, “காலையிலே மறக்காமல் சொல்லு அம்மா” என்று பொறுப்பைக் கைகழுவிய பிள்ளைகள்தாம் அதிகமாக இருந்திருப்பார்கள் என்று துணிந்து சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் பாடத்தில் பங்குகொள்வதற்கு இதைவிடச் சுலபமான உபாயத்தை எந்தக் கல்விச் சாஸ்திரியும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வீடும் பள்ளியும் உண்மையில் ஒன்றாகக் கலந்த காலம் நவராத்திரிதான். புரட்டாசி பிறந்ததுமே பாடம் தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாகக் கோலாட்டமும் பாட்டும் ஒத்திகையும் பள்ளியை ஆக்கிரமித்துக்கொள்ளும். தச்சரிடம் சொல்லிக் கோல் கடையவேண்டும், அதற்குச் சிவப்பும் பச்சையுமாக வர்ணம் பூசவேண்டும், பிள்ளைக்குப் புது வேஷ்டி, சரிகைத் தொப்பி, பெட்டியிலிருந்து எடுத்த கடுக்கன், காப்பு, அரைஞாண் என்று வீட்டில் ஒரு சிறு கல்யாணத்துக்குரிய பரபரப்பு நடக்கும். தெலுங்கு நாட்டில் பிள்ளைகளின் கையில் மலர் சுற்றிய வில்லும் அம்பும் இருக்கும். ஒன்பது நாளும் உபாத்தியாயர் முன்னே செல்ல, மாணாக்கர்களின் தலைவனாகிய சட்டாம்பிள்ளை பாட்டை எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாசலில் வட்டமிட்டுக் கோலடித்து, அந்த வீட்டாரை வாழ்த்திப் பாடுவார்கள். வீட்டுக்காரர் உபாத்தியாயருக்குப் பணமும் வஸ்திரமும், பிள்ளைகளுக்குக் கடலையும் வெல்லமும் கொடுப்பார். தன் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு தாளம் தவறாமல் சுற்றிவருவதை நிலைப்படியில் நின்றபடி பார்க்கும் தாயின் கண், வெல்லத்தை எண்ணிக் கொடுக்கும் கையைக் கவனிக்கத் தவறியிருக்கும். பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் இன்று நடக்கும் ஆண்டு விழாக்களுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததன்று. ஒரே வித்தியாசம், அங்கே பெற்றோர் நாற்காலியைத் தேடி அலையவேண்டும், இங்கே விழாவே வாசலுக்கு வந்தது. உபாத்தியாயரின் வருஷ வருமானத்தில் கணிசமான ஒரு பகுதி இந்த ஒன்பது நாளில் சேர்ந்துவிடும். விஜயதசமியன்று புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். அந்த வகையிலும் நாலு காசு வரும்.

இவ்வளவு கொடுத்த பெற்றோர் எதைக் கேட்டார்கள்? “கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்தார்கள். இது வெறும் வேடிக்கை வசனமன்று. கோதண்டம் என்ற பெயரால் பிள்ளைகளைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்ட காலம் அது. மட்டம் போட்ட பிள்ளையைச் சட்டாம்பிள்ளை நாலு பேரோடு போய்க் குண்டுக்கட்டாகத் தூக்கிவர, பெற்றவர்களே ஒளிந்த இடத்தைக் காட்டிக்கொடுத்த காலம். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் “ஏன் அடித்தார்” என்று தகப்பனார் விசாரிக்கமாட்டார். “நீ என்ன செய்தாய்” என்று கேட்டுத் தம் பங்குக்கு இரண்டு வைப்பார். குருவிடம் கேள்வி கேட்பது பாவம் என்ற பயம் ஒன்று. தமக்குத் தெரியாத வித்தையைத் தெரிந்தவரிடம் என்ன கேட்பது என்ற கூச்சம் மற்றொன்று. தோலின் பேரில் முழுப் பாத்தியதையையும் எழுதிக்கொடுத்துவிட்டுக் கண்ணுக்கு மாத்திரம் உரிமை கொண்டாடிய இந்த ஒப்பந்தத்தை அன்பின் அடையாளம் என்று வியக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வியப்பு உண்டாவதில்லை.

மன்றோவின் கணக்கையும் கலெக்டர்களின் அறிக்கைகளையும் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளர் 1983-இல் தொகுத்து வெளியிட்டபின், அந்நியர் வருமுன் இந்நாட்டில் கல்வி செழித்திருந்தது என்ற கட்சி வலுப்பெற்றது. செழித்திருந்தது உண்மை, எல்லோருக்குமா என்று கேட்டால் அதே கணக்கே பதில் சொல்கிறது. மாகாணம் முழுவதிலும் பள்ளிக்குப் போன பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. தீண்டாதார் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்துத் தகப்பன் நெல் அளக்கத் தயாராயிருந்தாலும், அவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எட்டாது. பிற்காலத்தில் சர்க்கார் பள்ளிகளில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்ற விதி வந்தபோது, மேல்ஜாதிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டமாக நிறுத்திக்கொண்ட ஊர்கள் பல. பெற்றோர் ஒன்றுகூடிப் பள்ளி விவகாரத்தில் தலையிட்டதற்குச் சரித்திரத்தில் கிடைக்கும் முதல் உதாரணங்களில் இதுவும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு நேர்மையானதாகாது.

வேறொரு வகையிலும் கணக்கில் ஏறாத பெற்றோர் இருந்தார்கள். ஏறக்குறைய ஒன்பது லக்ஷத்து இருபத்தெட்டாயிரம் ஜனங்கள் உள்ள தம் ஜில்லாவில் 533 பள்ளிகளும் ஏழாயிரத்துக்கும் குறைந்த மாணாக்கர்களும்தான் இருக்கிறார்கள் என்று எழுதிய காம்பெல், அதற்குக் காரணம் ஜனங்களின் வறுமை என்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்து குவிந்த துணியால் நெசவாளர்கள் பிழைப்பிழந்தார்கள் என்றும், மத்தியதர வகுப்பாரும் கீழ்நிலையில் உள்ளவர்களும் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கமுடியாமலும், பிஞ்சுக் கைகள் வேலைக்கு உதவத் தொடங்கியதுமே அவற்றை விட முடியாமலும் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும் அவர் ஒளிக்காமல் எழுதினார். ஏழை ஒருவன் தன் பிள்ளையின் கல்விக்குக் கொடுக்கும் மிகப் பெரிய காணிக்கை, அந்தப் பிள்ளை மாடு மேய்த்தோ, பாவு ஓட்டியோ, களை பறித்தோ கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியாகும். எந்தப் பள்ளியின் பேரேட்டிலும் அதற்குப் பற்றுவரவு இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, பாதிரிமார்களின் பள்ளிக்கூடங்களுக்குக் கடல் கடந்து வந்த பொருளுக்கு எதிரே அவரிடம் இருந்தது சைவக் குடும்பங்களின் உதவிதான். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கு அனுப்பும் பிடியரிசி முறை அந்நாட்டில் கைக்கொள்ளப்பட்டது. பெண்களுக்குப் பள்ளியில் இடம் அரிதாயிருந்த காலத்தில், பள்ளி நிலைப்பதற்கு வேண்டிய அரிசி பெண்களின் கையாலேயே அளக்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதற்குப் பின் பள்ளியின் ஜாதகமே மாறியது. 1854-ஆம் வருஷத்து உட் என்பாரின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து கல்வி இலாகா ஏற்பட்டது, உதவித்தொகை வந்தது, பரீட்சையில் தேறும் பிள்ளைகளின் தொகையைப் பார்த்து மானியம் அளிக்கும் முறை வந்தது, அதைப் பரிசோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். பெற்றோர் முகத்தைப் பார்த்துப் பிழைத்த உபாத்தியாயர் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். அதனால் ஒரு நன்மையும் உண்டாயிற்று. விளைச்சல் பொய்த்தாலும் சம்பளம் பொய்க்கவில்லை. ஆனால் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலும் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலும் தவிர மற்ற நாட்களில் பெற்றோருக்குப் பள்ளியில் காரியமில்லை என்ற நிலைமையும் மெல்ல மெல்ல உறைந்தது.

சென்னை நகரசபைத் தலைவராக இருந்த சர் பி. தியாகராயச் செட்டியார் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பிள்ளை ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. கூலியை இழந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குப் பள்ளி திருப்பிக் கொடுத்த முதல் படி என்று அதைச் சொல்லலாம்.

1953-இல் ஒரு வினோதமான திருப்பம் நேர்ந்தது. முதலமைச்சர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, மிச்ச நேரத்தில் அவர்கள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதிலுள்ள சிக்கனம். தகப்பனே மகனுக்குக் குருவாவான் என்பது அதிலுள்ள தத்துவம். இந்நாட்டுக் கல்வியின் சரித்திரத்தில், பெற்றோரைப் பார்த்து நீங்களும் ஆசிரியர்களே என்று சர்க்கார் சொன்னது அநேகமாக அந்த ஒரு முறைதான். பெற்றோரோ அந்தப் பட்டத்தை விரும்பவில்லை. செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்புத் தைப்பதற்கும், சிரைக்கிறவன் மகன் சிரைப்பதற்கும் ஒரு பள்ளிக்கூடம் எதற்கு என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கேட்ட கேள்வி, கிராமத்துத் தகப்பன்மாரின் நெஞ்சிலும் இருந்த கேள்வியேயாகும். தன் தொழிலிலிருந்து பிள்ளையை விடுவிப்பதற்கென்றே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவனிடம், அதே தொழிலைச் சொல்லிக்கொடு என்றால் அவன் என்ன செய்வான்? குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. திட்டத்தை ஆராயப் பருலேகர் தலைமையில் அமைந்த குழு அதை ஆதரித்து எழுதியும் பயனில்லாமற் போயிற்று. காமராசர் முதலமைச்சரானபின் 1954-ஆம் வருஷம் மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. திட்டத்தை வகுத்தவரின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காக எதை ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு கிராமத்திலாவது கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம்.

காமராசர் பெற்றோரிடம் வேறொன்றைக் கேட்டார். அவர்களுக்குப் பழக்கமானதையே கேட்டார். 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிப் பகலுணவுத் திட்டம் பரவியபோது, ஆரம்பத்தில் அது ஊராரின் அரிசியாலும் காய்கறியாலும் நடந்தது; பின்னர் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு சர்க்கார், நாலு காசு ஊரார் என்று பங்கு பிரிந்தது. இதற்குக் கல்வி இலாகாவின் தலைவராக இருந்து உயிரூட்டியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் அதோடு நில்லாமல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்னும் ஓர் ஏற்பாட்டையும், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த கடம்பத்தூரில் 1958-இல் தொடங்கி, மாகாணமெங்கும் நடத்திக் காட்டினார். தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பள்ளிக்கு வேண்டியவற்றை ஜாபிதா எழுதுவார்கள்: இரண்டு பெஞ்சி, ஒரு கடிகாரம், உலகப் படம், தண்ணீர்ப் பானை, மழைக்கு ஒழுகும் கூரைக்கு ஓடு. யார் எதைக் கொடுப்பது என்று ஊருக்குள் பேசி முடித்து, பல பள்ளிகளின் கொடைகளை ஒரே நாளில் ஒரே பந்தலில் சேர்த்து, அமைச்சர்கள் முன்னிலையில் ஒப்படைப்பார்கள். மேளதாளத்தோடு பீரோவும் மேஜையும் வீதியில் ஊர்வலமாகப் போன அந்தக் காட்சியைக் கும்பாபிஷேகத்துக்குத்தான் ஒப்பிடவேண்டும். அந்தக் காலத்துப் பெஞ்சியின் முதுகில் வெள்ளை வர்ணத்தில் ‘உபயம்’ என்று தொடங்கிப் பெயரும் ஊரும் எழுதியிருப்பதைப் பழைய பள்ளிகளில் இன்றும் பார்க்கலாம். கோணல் எழுத்து, சில இடங்களில் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் முதுகு உராய்ந்து தகப்பன் பெயர் தேய்ந்து, பாட்டன் பெயர் மாத்திரம் மிஞ்சியிருக்கும். இதனால் பள்ளிகள் வளம்பெற்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஜாபிதாவில் பெஞ்சிக்கு இடமிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு இடமிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு வந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் இதே தடத்தில்தான் நடந்தன. கழகத்தின் பெயரால் அச்சான வினா வங்கிப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேதம்போலப் புரட்டுகிறார்கள். சர்க்கார் ஆசிரியரை நியமிக்கத் தாமதித்த பள்ளிகளில், பெற்றோரிடம் வசூலித்த பணத்தில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, உள்ளூர்ப் பட்டதாரிப் பெண் ஒருத்தியைக் கணக்குக்கோ இங்கிலீஷுக்கோ அமர்த்திக்கொள்வது இன்றளவும் உண்டு, பி.டி.ஏ. டீச்சர் என்றுதான் அவளைச் சொல்வார்கள். கழகத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. பையனின் மதிப்பெண் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய், “எப்படிப் படிக்கிறான் சார்?” என்பாள். “வீட்டிலே கொஞ்சம் கவனியுங்கம்மா” என்பார் ஆசிரியர். “அடிச்சாவது சொல்லிக்குடுங்க சார்” என்று சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அவள் இழந்த கூலியும் கழகத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

2009-இல் நிறைவேறி 2010-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்த வழக்கத்துக்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்கவேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும், பின்தங்கிய, நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்களுடைய தொகைக்கேற்ற இடம் இருக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் கடமை என்றும் எழுதிவைத்தது. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது ஊர்தோறும் பெற்றோர் கூட்டம் கூட்டப்பட்டது. ஏட்டளவில் இருந்த பல குழுக்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று, சத்துணவில் முட்டை ஏன் சிறுத்தது, பி.டி.ஏ. டீச்சருக்கு நாங்கள் கொடுக்கிற பணத்தைச் சர்க்கார் எப்போது கொடுக்கும் என்றெல்லாம் தாய்மார்கள் எழுந்து கேட்கிறார்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் குழு கூடவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாற்று நடுகிறவள் வயலில் இருப்பாள், தையல் ஆலைக்குப் போகிறவள் இயந்திரத்தின் முன்னே இருப்பாள்; இந்த நேரத்தை யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்ற கேள்வியும் சில ஊர்களில் அந்தப் புத்தகத்தில் ஏறினால் நன்றாக இருக்கும்.